போர்க்களத்தின் விதை நெல்: வானத்து வாத்தியார்களின் கதை!

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர் அப்பா, அம்மாக்கள் பலருக்கு சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையம் பழக்கமான இடம். அங்கே இரண்டாவது டெர்மினலில் 'வைல்டுகேட்' என்ற பழைய போர் விமானம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எதிரி சுட்டு வீழ்த்திய விமானம் அல்ல அது. 1943-ல் பயிற்சியின்போது விபத்தில் சிக்கி மிச்சிகன் ஏரியில் மூழ்கி, பல பத்தாண்டுகள் கழித்து மீட்கப்பட்டது.

விமான நிலையத்தின் பெயரில் இருப்பவர் எட்வர்ட் 'புட்ச்' ஓ'ஹேர், இரண்டாம் உலகப்போரின் கடற்படை விமானி. கூடவே அவர் ஒரு வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது.

சமையலறை மேஜையில் ஒரு பாடம்

1941. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஜப்பானிடம் 'ஜீரோ' என்றொரு விமானம் இருக்கிறது, அதன் வேகத்துக்கும் வளைவுக்கும் ஈடுகொடுக்க முடியாது என்று ஒரு தகவல் வருகிறது. ஜான் தாச் என்ற கடற்படை அதிகாரி வீட்டுச் சமையலறை மேஜையில் தீக்குச்சிகளைப் பரப்பி உட்கார்ந்துவிடுகிறார். மெதுவான விமானத்தை வைத்துக்கொண்டு வேகமான விமானத்தை எப்படிச் சமாளிப்பது?

விடை கிடைத்தது. இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் பறக்க வேண்டும். ஒன்றின் வாலை எதிரி பிடித்தால், இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்ப வேண்டும். துரத்தி வருபவன் இன்னொன்றின் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்பான். துணி நெய்வதுபோல மாறி மாறிக் குறுக்கே போகும் இந்த உத்திக்குப் பின்னாளில் 'தாச் நெசவு' என்றே பெயர் வந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க எதிரியாக நடித்தவர் ஓ'ஹேர். தாச் தரப்பு விமானங்களின் வேகத்தை வேண்டுமென்றே கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஓ'ஹேரால் அவர்களை மடக்க முடியவில்லை.

1942 பிப்ரவரி 20 அன்று ஓ'ஹேருக்கு நிஜமான பரீட்சை. 'லெக்சிங்டன்' போர்க்கப்பலை நோக்கி ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கூட வந்த சகாவின் துப்பாக்கிகள் மக்கர் செய்துவிட, குறுக்கே நிற்க ஓ'ஹேர் ஒருவரே மிச்சம். அவரிடம் இருந்த குண்டுகளோ அரை நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகச் சுடத்தான் போதும். 5 விமானங்களை வீழ்த்தியதாக அன்று கணக்கு எழுதினார்கள். 3 என்கின்றன பிந்தைய ஆய்வுகள். கப்பல் பிழைத்தது. அதிபர் ரூஸ்வெல்ட் கையால் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது.

வீரனை வகுப்பறைக்கு அனுப்பலாமா?

அதே ஆண்டு ஜூனில் மிட்வே சண்டை. தாச்சின் தீக்குச்சிக் கணக்கு ஜீரோக்களுக்கு எதிராகப் பலித்தது. அதன் பிறகு கடற்படை அவரைக் களத்திலிருந்து எடுத்து, இளைஞர்களுக்குச் சண்டை உத்தி சொல்லித்தர அனுப்பியது. அவருடைய படைப்பிரிவின் பொறுப்பு ஓ'ஹேருக்கு வந்தது. ஹவாயின் மாயி தீவில் அவரும் புதியவர்களைத் தயார் செய்யத் தொடங்கினார்.

இது சுலபமான முடிவு அல்ல. போர் உச்சத்தில் இருக்கும்போது நன்றாகச் சுடுபவனைப் பின்னால் இழுத்தால், இன்றைய சண்டையில் ஓர் ஆள் குறைவு. பலன் தெரிய ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். பசி எடுத்தாலும் விதை நெல்லில் கைவைக்காத விவசாயியின் வைராக்கியம் அதற்கு வேண்டும்.

சிகாகோவை ஒட்டிய மிச்சிகன் ஏரியிலும் அந்த விதைப்பு நடந்தது. இரண்டு பழைய பயணிகள் நீராவிக் கப்பல்களின் மேல்கட்டுமானத்தை அகற்றி, விமானம் இறங்கும் தளம் அமைத்தார்கள். கடலில் இருந்த நீர்மூழ்கிக் கப்பல் பயம் ஏரியில் இல்லை. அங்கே 17,000-க்கும் மேற்பட்ட விமானிகள் கப்பலில் இறங்கக் கற்றார்கள். பின்னாளில் அதிபரான ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷும் அவர்களில் ஒருவர்.

ஒற்றைக் கண் ஆசான்

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வாத்தியார் இருந்தார். பெயர் சபுரோ சகாய். 1942 ஆகஸ்ட் 7-ல், குவாடல்கனால் தீவின் வானில் தலையில் குண்டு பாய்ந்தது. முகமெல்லாம் ரத்தம். அந்த நிலையிலேயே சுமார் 1,040 கிலோமீட்டர், நான்கே முக்கால் மணி நேரம் ஓட்டி ரபவுல் தளத்தில் வந்து இறங்கினார். வலது கண்ணில் பார்வை போய்விட்டது.

ஊருக்கு அனுப்பப்பட்டவருக்குப் புதிய விமானிகளைத் தயாரிக்கும் வேலை கொடுத்தார்கள். பொறுக்கி எடுத்த சிலரையே தேற்றி அனுப்பிய காலத்தில் படித்தவர் சகாய். இப்போது அவர் முன்னால் நின்றவர்கள் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்ட பையன்கள். சொல்லித்தர நேரமில்லை, பறந்து பழக எரிபொருளும் போதவில்லை. அரைகுறையாகக் கற்றவர்களைக் களத்துக்கு அனுப்ப நேர்ந்த வேதனையைப் பிற்பாடு அவர் பேசியிருக்கிறார்.

ஜப்பானின் கைதேர்ந்த விமானிகள் பெரும்பாலும் களத்திலேயே வைக்கப்பட்டார்கள். மிட்வேயில் மடிந்ததைவிட, அதன் பின் சாலமன் தீவுகளின் நீண்ட சண்டையில் மடிந்தவர்கள் அதிகம். அனுபவம் அவர்களோடு கடலில் மூழ்கியது. விதை நெல் அடுப்பில் ஏறிவிட்டது.

அறுவடை

ஓ'ஹேரிடம் பாடம் கேட்டு, அவருக்குப் பக்கத்திலேயே பறந்தவர் அலெக்ஸ் வ்ராச்சு. குண்டை வீணாக்காதே, கிட்டே போன பிறகு சுடு என்பது ஆசான் சொல்லித்தந்தது. 1943 நவம்பர் 26 இரவு, புதுமையான ஓர் இரவுச் சண்டைக்குக் கிளம்பிய ஓ'ஹேர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, 1944 ஜூன் 19. பிலிப்பைன்ஸ் கடல் சண்டை. வ்ராச்சு எட்டே நிமிடங்களில் 6 விமானங்களை வீழ்த்தினார். அன்று ஜப்பான் இழந்த விமானங்களில் பலவற்றை ஓட்டியவர்கள், பயிற்சி முழுமையடையாத இளைஞர்கள்.

சில நாட்களிலேயே ஜப்பான் ஒற்றைக் கண் சகாயையும் இவோ ஜிமா போர்முனையில் பறக்கவிட்டது. எதிரி விமானங்களைத் தம் பக்கத்து விமானங்கள் என்று நினைத்து அருகில் போய் மாட்டிக்கொண்டு, பழைய வித்தையால் உயிர் தப்பினார். அக்டோபரில் 'காமிகாஸே' தாக்குதல்கள் தொடங்கின. அந்தப் பயணத்துக்குத் தரையிறங்கும் பாடமே தேவையில்லை.

சகாய் 2000 வரை வாழ்ந்தார். 1942-ல் தன்னைச் சுட்ட அமெரிக்க வீரரையே 1983-ல் நேரில் சந்தித்தார்.

சிகாகோ வழியாகப் போக நேர்ந்தால், அடுத்த விமானத்துக்கு நேரமிருந்தால், அந்த வைல்டுகேட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். விமான நிலையத்துக்குப் பெயர் தந்தவர் ஓட்டியதும் அந்த ரகம்தான். ஆனால் இது, யாரோ ஒரு மாணவன் ஓட்டிப் பழகும்போது ஏரியில் போட்ட விமானம்.