கோடு அழிந்தால் பாதை மறையுமா?

காட்டில் ஒற்றையடிப் பாதை போட யாரும் டெண்டர் விடுவதில்லை. ஆடு நடக்கும். ஆட்டின் பின்னால் மேய்ப்பவர் நடப்பார். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் அதே தடத்தில் கால் வைப்பார்கள். நாலு மழைக்காலம் தாண்டியும் அங்கே புல் முளைக்காது. எந்தப் பதிவேட்டிலும் அதற்குப் பெயர் இருக்காது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தடங்கள் செல்போனுக்குள்ளும் வந்துவிட்டன. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’, வரைபடங்களின் விக்கிப்பீடியா. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, தங்களுக்குத் தெரிந்த தெரு, கோயில், கிணறு, மலைப்பாதை என எதையும் அதில் வரையலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் வழிகாட்டும் மலையேற்ற ஆப்கள் பலவும் இந்த வரைபடத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

போடிநாயக்கனூர் பக்கத்து இளைஞர் ஒருவர், ஓய்வு நேரத்தில் இப்படி வரைகிறவர். அவருடைய சித்தப்பா வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். ஒரு நாள் தடை செய்யப்பட்ட காட்டுக்குள் இரண்டு பையன்களைச் சித்தப்பா மடக்கியிருக்கிறார். “மேப்புல பாதை இருக்கே சார்” என்று போனை நீட்டியிருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரோ எப்போதோ வரைந்த கோடு அது.

“ஏப்பா, அந்தக் கோட்ட மொதல்ல அழிச்சுப்புடு. அதப் பாத்துத்தான் வர்றாய்ங்க” என்றார் சித்தப்பா.

அவர் பதறுவதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேற்றம் சென்றவர்களில் 23 பேரின் உயிரைப் பறித்தது. அந்தத் துயரத்தை வரைபடத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால், காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அதன்பிறகு அந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்கவே மறக்காது.

“அழிக்கிறது ஒரு நிமிச வேல சித்தப்பா. ஆனா தரையில பாதை இருக்குல்ல? அடுத்த மாசம் இன்னொருத்தன் சேட்டிலைட் படத்தப் பாத்து, ‘அட, இங்க ஒரு பாதை விட்டுப்போச்சே’ன்னு திரும்ப வரைஞ்சுருவான். அது மூடுன பாதைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார் இளைஞர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. தரையில் உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்பதுதான் இந்த வரைபடத்தின் அடிப்படை விதி. காட்டில் யாராவது சிக்கிக்கொண்டால், மீட்கப் போகிறவர்களுக்கும் அந்தத் தடம் தெரிய வேண்டும். ஆனால் வெறும் கோட்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர், அதை அழைப்பிதழாகத்தானே எடுத்துக்கொள்வார்?

இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒரே கோடு போலத் தெரிந்தது, உண்மையில் மூன்று துண்டுகள்.

ஊரிலிருந்து ஓடை வரை உள்ளது, மக்கள் தினமும் நடக்கிற தடம். காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தருகிறது. அந்தத் துண்டு அப்படியே இருந்தது. யாரும் அமைக்காமல், நடந்து நடந்தே உருவான தடம் என்ற குறி மட்டும் சேர்ந்தது. வரைபடத்தில் அதற்கென்றே தனிக் குறி இருக்கிறது.

ஓடையிலிருந்து முகடு வரை உள்ளது நிஜமான பாதைதான். ஆனால் வனத்துறை மூடிவிட்டது. அதற்கு ‘அனுமதி இல்லை’ என்ற குறி.

மூன்றாவது துண்டைப் பார்த்ததும் சித்தப்பா சிரித்துவிட்டார். “அடேய், இது பாதையே இல்லடா. நாங்க வெட்டுன தீத்தடுப்புக் கோடு!” காட்டுத்தீ தாண்டிவிடாமல் இருக்கக் கோடைக்கு முன்பு புல்லையும் புதரையும் அகற்றிவிடும் பட்டை அது. மேலிருந்து எடுத்த படத்தில் அச்சு அசல் பாதை போலவே தெரியும். அந்தத் துண்டு பாதை என்ற கணக்கிலிருந்து நீங்கி, தீத்தடுப்புக் கோடு என்றே பதிவானது.

மாற்றத்துக்கான காரணத்தையும் இளைஞர் இரண்டு வரி எழுதி வைத்தார். அடுத்து வந்து திருத்துகிறவர் அதைப் படித்துவிட்டுக் கை வைக்கலாம் அல்லவா?

இதோடு பிரச்னை தீர்ந்துவிடவில்லை. சில ஆப்கள் இந்தக் குறிகளைப் பார்த்து, மூடிய பாதையில் வழி சொல்வதைத் தவிர்க்கும். சில ஆப்கள் எல்லாப் பாதையையும் ஒரே மாதிரி புள்ளிக்கோடாகக் காட்டும். குறியை வரைபடக்காரர் போடலாம். அதை மதித்துக் காட்டுவது ஆப் செய்கிறவர் கையில்தான் இருக்கிறது. ஓடைக்கரையில் ஒரு போர்டும், குறுக்கே ஒரு முள்வேலியும் வேண்டும் என்று இளைஞர் கேட்டார். மேலதிகாரியிடம் சொல்வதாகச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். தரையில் தடுப்பு இருந்தால்தான் வரைபடத்தில் உள்ள தடுப்புக்கும் மதிப்பு.

மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று முறையான வழியும் இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை 40 தடங்களுடன் தொடங்கியது. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் தடங்களை மூடிவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் போனில் கோடு தெரிகிறதே என்று கிளம்பக் கூடாது.

சித்தப்பா சொல்லும் யோசனை இன்னும் எளிது. “சந்தேகமா இருந்தா அடிவாரத்துல ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்த கேளுங்க. எது நடக்குற பாதை, எது நடக்கக் கூடாத பாதைன்னு சின்னப் புள்ள கூடச் சொல்லிரும்.”