பேசுவதற்கு ஒரு லீவு!

ஆபீஸில் லீவு பல வகை. கேஷுவல் லீவு, மெடிக்கல் லீவு, ஈட்டிய விடுப்பு, மாமியார் ஊரிலிருந்து வருகிறார் என்றால் திடீர்த் தலைவலி லீவு... பத்து வருஷ சர்வீஸில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தவன் நான். ஆனால், 'வாயைத் திறப்பதற்கே லீவு' என்று ஒன்று இருப்பது 2024-ல்தான் எனக்குத் தெரிந்தது. அதைக் கொடுப்பவர் மேனேஜர் இல்லை சார்... ஜட்ஜ்!

விஷயம் இதுதான். 2021-ல் கொரோனா இரண்டாவது அலை. அப்பா ஆஸ்பத்திரியில். எங்கள் ஏரியா பைனான்ஸ்காரர் ஒருவரிடம் ஒரு லட்சம் வாங்கினேன். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஒன்று கைக்கு வராமல் அவர் பீரோ திறக்காது. தெருவில் அவரிடம் வாங்கிய அத்தனை பேருக்கும் அதே சட்டம்தான். மாசம் 12,000 வீதம் பத்து மாசம், பாங்க் மூலமாகவே கட்டினேன். மொத்தம் 1,20,000. கணக்கு தீர்ந்தது. செக்கைத் திருப்பிக் கேட்டேன்.

"எங்கேயோ கிடக்கு தம்பி, கிடைச்சதும் கிழிச்சுப் போட்டுடறேன்."

கிடைத்தது. கிழிக்கவில்லை!

2023 டிசம்பரில் ஒரு நாள் பாங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். 4,80,000 ரூபாய்க்கான செக், போதிய பணம் இல்லாததால் திரும்பியது என்று. அன்றைக்கு என் கணக்கில் இருந்தது 6,312 ரூபாய். நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் என்னை நம்பி எழுதியிருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது!

பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ். '2023 ஜூனில் ரொக்கமாக 4,80,000 ரூபாய் கடன் வாங்கினீர்கள்' என்று. எனக்குத் தெரிந்த வக்கீல் சாரிடம் ஓடினேன். "நோட்டீஸுக்குப் பதில் போடாம இருந்தா, ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க" என்று அன்றைக்கே பதில் தயார் செய்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

செக் திரும்பினால் '138' என்று ஒரு கிரிமினல் வழக்கு உண்டு என்பது நமக்கெல்லாம் தெரியும். 1989 ஏப்ரலிலிருந்து இருக்கிற சட்டம். இரண்டு வருஷம் வரை ஜெயில்கூட உண்டு. அதைத்தான் போடுவார் என்று நான் பெட்டி படுக்கையோடு மனசளவில் தயாராக இருந்தேன். மனுஷன் போடவில்லை. அதற்கான கெடுவும் முடிந்தது. 'அப்பாடா' என்று இருந்தபோது, ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வாசலில் கோர்ட் அமீனா!

"ஏங்க... யாரோ உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க" என்றாள் மனைவி. மாடி வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் அன்றைக்குப் பார்த்து ஒரே நேரத்தில் துணி காயப்போட வந்தார்கள்.

சம்மனைப் பார்த்த வக்கீல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டரும் வக்கீலும் கண்ணாடியைக் கழற்றினால் செலவு என்று அர்த்தம்.

"இது சம்மரி சூட் தம்பி. சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 37. சாதாரண வழக்குன்னா நீங்க பதில் மனு போடலாம், சாட்சி கூப்பிடலாம், வாய்தா வாங்கலாம். இதுல அதெல்லாம் தானா வராது. கோர்ட் அனுமதி கொடுத்தாதான் நீங்க எதிர்வாதமே பண்ண முடியும். 'லீவ் டு டிஃபெண்ட்'னு பேரு."

"லீவா? என்கிட்ட ஏழு நாள் பாக்கி இருக்கு சார்..."

அவர் சிரிக்கவில்லை. செக், புரோநோட்டு மாதிரி எழுத்தில் இருக்கிற கடன்களைச் சீக்கிரம் வசூலிக்க ஏற்பட்ட குறுக்கு வழி அது. சம்மன் கைக்கு வந்த பத்து நாளுக்குள் கோர்ட்டில் ஆஜராகி விலாசம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், வழக்கில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நாமே ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அவர் பாட்டுக்கு டிகிரி வாங்கிக்கொண்டு போகலாம். ஆஜரான பிறகு இன்னொரு சம்மன் வரும். அதிலிருந்தும் பத்தே நாள். அதற்குள் அபிடவிட்டோடு அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் மன்னிக்கலாம். 'ஆபீஸில் ஆடிட்டிங்' என்பது தகுந்த காரணமா என்று கேட்டேன். முறைத்தார்.

அபிடவிட்டுக்காக ராத்திரி கண் விழித்து எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அப்பாவின் ஆக்ஸிஜன் அளவிலிருந்து பைனான்ஸ்காரரின் துரோகம் வரைக்கும். வக்கீல் சார் ஆறு பக்கத்தைக் கிழித்தார்.

"இதுல அழுகை வேணாம், கணக்கு வேணும்."

கணக்குப் போட்டோம். பத்துத் தவணையும் அவர் பெயருக்குப் போனதற்கு பாங்க் ஸ்டேட்மென்ட் இருந்தது. அப்புறம் அவர் கேட்டார்: "செக் நம்பரைப் பார்த்தீங்களா?"

வழக்கில் இருந்த செக்குக்கு முந்தைய நம்பர் செக்கும் அடுத்த நம்பர் செக்கும் 2021-லேயே பாஸாகியிருந்தன. ஒன்று இன்ஷூரன்ஸ் பிரீமியம், இன்னொன்று வீட்டு அட்வான்ஸ். நடுவில் இருக்கிற தாள் மட்டும் 2023 ஜூன் வரை எனக்காகக் காத்திருந்ததாம்!

வழக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் லேசாக விடவில்லை. "கையெழுத்து இவருடையதுதானே? வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினாலும் கடன் இருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவர் சொன்னது உண்மைதான்.

எங்கள் வக்கீல் எழுந்தார். "அனுமானம்தான், முடிவு இல்லை. அதை மறுத்துக் காட்ட எங்களுக்கு உரிமை உண்டு. அதே 2019-ல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில், கடன் கொடுத்ததாகச் சொல்பவரிடம் அவ்வளவு பணம் இருந்ததா என்ற கேள்வியையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது" என்றார். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அதனாலேயே கடன் செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம் இல்லையா?

ஜட்ஜ் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினார். அந்த இரண்டு செக் நம்பர்களில் பேனா நின்றது. அந்த அரை நிமிஷத்தில் என் பி.எஃப்., மனைவியின் வளையல், பையனின் ஸ்கூல் பீஸ் எல்லாம் கண் முன்னால் வரிசையாக நின்றன.

அனுமதி கிடைத்தது. நிபந்தனை இல்லாமல்! எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் இதற்குப் படிக்கட்டே போட்டுக் கொடுத்திருக்கிறது. வாதத்தில் வலு இருந்தால் சும்மா விடுவார்கள். சந்தேகம் இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டுப் பேசு என்பார்கள். வெறும் சாக்கு என்று தெரிந்தால் வாசலோடு சரி. வாங்கியதில் பாக்கி இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டால், அந்தத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும்.

இனிமேல்தான் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம். ஜெயிப்பேனா தெரியாது. ஆனால், என் பக்கத்தை ஒருவர் உட்கார்ந்து கேட்கப் போகிறார் என்பதே பாதி ஜெயித்த மாதிரி இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு அந்த மனுஷன் மேல் முழுசாகக் கோபமும் வர மாட்டேன் என்கிறது. அன்றைக்கு அந்த ஒரு லட்சம் இல்லாவிட்டால் அப்பா இல்லை. நன்றி வேறு, 4,80,000 வேறு என்று மனசுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கோர்ட் வேலையைவிடக் கஷ்டம்.

போன வாய்தாவில் வராந்தாவில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். "அப்பா சௌக்கியமா தம்பி?" என்றார்.

"சௌக்கியம்ணே."

கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அடுத்த வாய்தா என்னிக்குன்னு குறிச்சுக்கிட்டீங்களா? எங்க வக்கீல் போனையே எடுக்க மாட்டேங்கறாரு!"