பலூனும் ஒரு கறுப்புக் கல்லும்

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் பக்கத்து வீட்டுப் பெருநாள் கொண்டாட்டத்தில் என் பேரனுக்கு ஒரு பலூன் கிடைத்தது. இரவு முழுவதும் கூரையை முட்டிக்கொண்டு நின்ற அது, காலையில் சுருங்கித் தரையில் கிடந்தது. துவாரம் எதுவும் இல்லை.

"உள்ளே இருந்தது எங்கே போனது, அப்பப்பா?"

ஹீலியம் என்றேன். எங்கள் பாடநூல்களில் அதன் பெயர் 'ஈலியம்'. அதன் அணுக்கள் இறப்பரின் ஊடாகவே கசிந்துவிடும்; வளிமண்டலத்தில் கலந்து, காலப்போக்கில் பூமியையே விட்டு நீங்கிவிடும்.

விழுமிய வாயுக்கள் எளிதில் எதனோடும் சேர்வதில்லை. அச்சேராமையே அவற்றின் பயன். வளியில் ஏறத்தாழ 1 சதவீதமான ஆகன், உலோகங்களை உருக்கி ஒட்டும்போது ஒட்சிசன் அண்டாமல் காக்கிறது. நியோன் விளம்பரக் குழாய்களில் செந்நிறமாக ஒளிர்கிறது. -269 பாகை செல்சியசில் உள்ள திரவ ஹீலியம், எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் காந்தத்தைக் குளிர்விக்கிறது.

1868இல் சூரிய ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடு ஒன்றினால் அறியப்பட்ட ஹீலியத்தை, 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார். பின்னர் இலங்கையின் முறை வந்தது. இங்கு மாணிக்கச் சரளைகளிடையே கனமான கறுப்புப் படிகங்கள் கிடைத்தன. கனிய அளவைப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் அவற்றை விவரித்தார். யுரேனினைற்று என்றே அவர் எண்ணினார். அது புதிய கனியம் எனக் கண்ட டன்ஸ்டன், தோரியனைற்று எனப் பெயரிட்டார்.

அக்கல்லினுள் ஹீலியம் இருந்தது. தோரியமும் யுரேனியமும் சிதையும்போது வெளிவிடும் அல்பாத் துணிக்கைகள் ஹீலியத்தின் கருக்களே. ஒரே இரவில் இறப்பரைக் கடந்துவிடும் வாயுவைக் கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தது. அடைபட்ட ஹீலியத்தை அளந்து பாறைகளின் வயதைக் கணிக்க ஸ்ட்ரட் போன்றோர் முயன்றனர்.

இதில் எனக்கும் ஒரு கடன் உண்டு. 1977இல் குமாரசுவாமியின் நூற்றாண்டுக்கு நான் கட்டுரை எழுதினேன். சிவ நடனம், கீழைக் கலை, கைவினைஞர் என்று பத்திகள் நீண்டன; கல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அவர் புவியியல் படித்தவரல்லவா?" என்று செய்தி ஆசிரியர் கேட்டார்.

"அதை யார் ஐயா வாசிப்பார்கள்?" என்றேன். அச்சேறியது பாதி மனிதர்.

மீதிப் பாதியைப் பேரனுக்குச் சொன்னேன். "கல்லுக்குள் பலூன் காற்றா?" என்று கேட்டவன், சுருங்கிய பலூனை மறந்து, அந்தக் கல்லைக் காட்டும்படி நச்சரிக்கத் தொடங்கினான். வாசிக்க ஆள் இல்லை என்று அன்று நான் எப்படித் தீர்மானித்தேனோ!

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுவது வழக்கம். என் திருத்தம் பல பத்தாண்டுகள் பிந்திவிட்டது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.