மூளியும் செவலையும்

மலாயில் ‘பாக்கார்’ என்றால் எரிப்பது, ‘ஆராங்’ என்றால் கரி. பெயருக்கு ஏற்ற மாதிரியே 1998இல் எங்கள் ஊர் பாக்கார் ஆராங் வெந்தது. எல் நினோ வருடம். ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது. மலேசிய வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். சுங்கைப்பட்டாணிப் பக்கம் எத்தனை டிகிரி என்று எங்களுக்குத் தெரியாது. மத்தியானத்தில் தார் ரோட்டில் சிலிப்பர் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு அதுதான் அளவுகோல்.

மணி செத்தது அந்த வாரம்தான்.

மணி ஒரு கினிப் பன்றி. பன்றியும் இல்லை, கினியில் இருந்து வந்ததும் இல்லை. அதன் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. மலாய்க்காரர்கள் அதை ‘திக்குஸ் பெலாண்டா’ என்பார்கள், டச்சுக்கார எலி. சீனத்தில் ஒரு பெயர் உண்டு, அதற்கு இந்திய எலி என்று அர்த்தம். யாருமே அதைத் தன் ஊர்க்காரன் என்று ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பாட்டி மட்டும் ‘சீமை எலி’ என்று முடித்துக்கொண்டாள். அப்பா பாசார் மாலாமில் எட்டு வெள்ளி கொடுத்து வாங்கி வந்தது. ரிங்கிட் விழுவதற்கு முந்தைய காலம். அம்மாவுக்குக் கிலாங்கில், அதாவது ஃபேக்டரியில், ஓ.டி. இருந்தது.

கங்கோங் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் போதும், கூண்டுக்குள் இருந்து ‘வீக், வீக்’ என்று கத்தும். பிளாஸ்டிக் பைக்குக் கூட அந்த மரியாதை உண்டு. அம்மா ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் பையோடு கதவைத் திறக்கும்போது எங்களுக்கு முன்னால் மணிதான் வரவேற்கும். முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று. இதை எண்ணிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் ஊனத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று நான் ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் கூண்டு. காலையில் நிழல், பதினோரு மணிக்கு மேல் அடுப்பு. கினிப் பன்றிக்கு வியர்க்காது, முப்பது டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து என்பதெல்லாம் நான் பெரியவனான பிறகு படித்தது. பள்ளி விட்டு வந்தபோது பக்கவாட்டில் கிடந்தது. தண்ணீர் போத்தல் காலி. “காலைல தண்ணி ஊத்துனியா?” என்று அம்மா கேட்டாள். ஊற்றினேன் என்றேன். ஊற்றவில்லை. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

கொய்யா மரத்தடியில் அப்பா குழி வெட்டினார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். “எலிக்குப் போயி எழவு கொண்டாடுறியாடா?” என்று பாட்டி கேட்டாள். ஆனால் ரசம் பிசைந்து ஊட்டியதும் அவள்தான். நாலைந்து நாளில் சித்திரைப் புத்தாண்டு வந்து போனது. பாயசம் இனித்ததாக ஞாபகம் இல்லை.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று யாரும் பேசவில்லை. அம்மாவின் ஓ.டி. நின்றிருந்தது, எட்டு வெள்ளி என்பது அப்போது நாலு நாள் மார்க்கெட் செலவு. எனக்கும் வேண்டாம்தான். இன்னொன்று வந்தால் மணி செத்ததை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பிடிவாதம்.

ஜூன் வாக்கில் பின் வரிசைச் சீன ஆண்ட்டி வந்து நின்றார். மகள் படிக்கப் பினாங்குக்குப் போகிறாள், அவள் வளர்த்ததைப் பார்க்க ஆளில்லை, எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். அம்மா தயங்கி, ஒன்று மட்டும் என்றாள். ஆண்ட்டி கையை ஆட்டினார். “சத்து தா போலே லா. டுவா!” ஒன்றை மட்டும் விட்டால் ஏங்கிச் செத்துவிடுமாம், ஜோடியாகத்தான் தருவாராம். பத்து வருடம் கழித்து, 2008இல், கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் விதி வந்த செய்தியைப் படித்தபோது ஆண்ட்டியின் கைதான் கண்முன் ஆடியது. ஆண்ட்டி வந்த அன்றைக்கு எனக்கு உறைத்தது வேறு. மணி எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் தனியாக இருந்தது.

“அந்தம்மா சொல்றது நியாயம்தான்” என்றாள் பாட்டி. “ஒத்த ஆட்ட எவனாச்சும் கட்டுவானா? ராவெல்லாம் கத்தும்.”

அட்டைப் பெட்டியில் இரண்டும் வந்தன. ஒன்று செம்பழுப்பு. மற்றது கறுப்பு வெள்ளை, இடது காது நுனியில் பிய்ந்திருந்தது. மூன்று நாள் மூலையை விட்டு வரவில்லை. பையைச் சலசலத்துப் பார்த்தேன். மணி மாதிரி கத்தவில்லை, பயந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எனக்குக் கோபம் வந்தது. பெயர் வைக்க மாட்டேன் என்றேன். ‘அது’, ‘இன்னொன்று’, அவ்வளவுதான்.

கூண்டை முன்வாசலுக்கு, சுவரோரம், மாற்றச் சொன்னது பாட்டி. ஈரச் சாக்கைப் போர்த்தினாள். வேலியோரம் குந்தி, இளம்புல்லாகப் பார்த்து அரிவாளால் அறுத்துக்கொண்டு வருவாள். எழுபது வயதுக்காரி, முட்டிவலி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த மத்தியான வேளைகளில் ஆட்டுக்குப் புல் அறுத்த கை அது. தாமான் வீட்டுக்கு வந்த பிறகு அந்த அரிவாளை அவள் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை, கூண்டின் முன் உட்கார்ந்து அவள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. “செவல, தள்ளிக்க. மூளி, நீ வா, ஒனக்குத்தான்.” காது பிய்ந்த ஆட்டுக்கு மூளி என்று சொல்வார்கள். பிய்ந்த காதுக்காரி கம்பியிடம் வந்து புல்லை இழுத்தாள். எனக்கு முன்னால் பாட்டி பெயர் வைத்துவிட்ட எரிச்சலில் நானும் ஒரு புல்லை நீட்டினேன். என் கையில் வாங்க அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆனது.

இரண்டும் பெண் என்றுதான் ஆண்ட்டி சொல்லியிருந்தார். ஆகஸ்டில் செவலை மூன்று குட்டி போட்டது. எலிக்குஞ்சு மாதிரி கண் மூடி, தோல் சிவந்து இருக்கும் என்று நினைத்தேன். முடியோடு, பல்லோடு, கண் திறந்து, அன்றைக்கே ஓடின. பாட்டி வாயெல்லாம் சிரிப்பு. “ஆட்டுக்குட்டிதான்டா இது, ஆட்டுக்குட்டியேதான்” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

செவலை, மூளி என்ற பெயர்களை அவள் நிறத்தையும் காதையும் பார்த்துத்தான் வைத்தாள் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். அவள் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அப்பா சொன்னார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று லயத்தைக் காலி செய்தபோது பாட்டியிடம் பதினோரு ஆடுகள் இருந்தன. தாமானில் ஆடு கட்ட இடமில்லை. ஒரே நாளில் அத்தனையையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். கடைசியாக ஏற மறுத்து நின்றவை இரண்டு. ஒன்றின் பெயர் செவலை, ஒன்றின் பெயர் மூளி.