வாடையோடு வரும் விருந்தாளி

கல்லூரி விழாமலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். பழம்பெருமைகளை எழுதுதற்குத் தக்கார் பலர் உளராதலின், யாம் எமது பிழையொன்றினை எழுதத் துணிந்தோம்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, நெடுந்தீவிலே யாம் தமிழ் கற்பித்த காலம் அது. குறுந்தொகைச் செய்யுளொன்றில் வரும் ‘எழால்’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கூறுகையில், “எழால் என்பது வல்லூறு, கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லுங் கொடிய பறவை” என்று சொல்லி மேற்சென்றோம். மறுவாரம் மாணவனொருவன் கடதாசியிற் சுற்றிய பறவையொன்றைக் கொணர்ந்தான். கெற்றப்போலால் அடித்து வீழ்த்தியிருந்தான்.

“சேர், நீங்கள் சொன்ன எழால் இதுதானே? வீட்டிலே குஞ்சுகள் நிற்கிறபடியால் அடிச்சனான்” என்றான். பாராட்டை எதிர்பார்த்து அவன் முகம் மலர்ந்திருந்தது.

எம் நண்பரான விஞ்ஞான ஆசிரியர் அதன் இரைப்பையைப் பிளந்து காட்டினார். வெட்டுக்கிளிகளின் கால்களும் சிறகுத் துண்டுகளுமே இருந்தன. குஞ்சின் தூவி ஒன்றேனும் இல்லை. எறிந்தது அவன் கை. ஏவியது எம் சொல். யாம் நாணினோம்.

அன்றுதொட்டு அப்பறவையை அறிய முயன்றோம். இக்காலப் பறவைநூலார் அதனைச் ‘சிற்றெழால்’ என்பர். உருவிற் புறாவை ஒக்கும். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம். முதுகு செங்கல் நிறம், அதிலே கரும்புள்ளிகள். வால்நுனியை அடுத்துக் கரும்பட்டை. பெண்ணோ செம்பழுப்பு நிறத்தது. வாலெங்கும் வரிகள் உடையது. குஞ்சு கவரும் வல்லூறு அகன்று குறுகிய சிறகினது. மரக்கொப்பில் மறைந்திருந்து பாய்வது. சிற்றெழாலின் சிறகுகளோ நீண்டு கூரியன. அது காற்றை எதிர்த்துச் சிறகடித்து, வானில் ஓரிடத்தே நிலைகொண்டு, கீழே புல்லை உற்றுநோக்கும். சேய்மையிலிருந்தும் அதனை இனங்காண இது பெரிதும் உதவும்.

இத்தீவின் மலைநாட்டில் நிலையாக வாழும் சிற்றெழால்களும் உண்டு. எம் தீவகத்துக்கு வருவனவோ வடபுலத்திற் குஞ்சு பொரித்து, வாடைக்காற்றோடு வந்து, சோளகம் எழுமுன் மீள்வன. குதிரைகள் மேயும் நெடுந்தீவின் புல்வெளியும், முருகைக்கல் வேலிகளும் அவற்றிற்கேற்ற வேட்டைக்களம். வெட்டுக்கிளியும் ஓணானும் எலியுமே இரை. இவை தோட்டக்காரனுக்கு நட்பாவனவன்றிப் பகையல்ல.

இதன் உறவினதாகிய அமூர் வல்லூறு இன்னும் நெடுந்தொலைவு செல்வது. சீனத்தின் வடகிழக்கிலும் உருசியாவின் தென்கிழக்கிலுமிருந்து, நாகாலாந்தில் இளைப்பாறி, அரபிக்கடலைத் தாண்டித் தென்னாபிரிக்க நாடுகளை அடையும். பெரும்பாலும் பூச்சியுண்ணும் இப்பறவைகள், 2012 இல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே வலைகளிற் சிக்கிப் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. அடுத்த ஆண்டே அங்குள்ள ஊரவர் அவ்வேட்டையைக் கைவிட்டனர். 2013 இல் செய்மதிக் கருவி பொருத்தி விடுக்கப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பங்டி என அம்மண்ணின் பெயர்களே சூட்டப்பட்டன. முன்னர் இறைச்சி எனப்பட்டது, பின்னர் ஊரின் பெயர் தாங்கிப் பறந்தது.

அச்செய்தியை வகுப்பிற் கூறினோம். எம் பிழையையும் மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். பறவையைக் கொணர்ந்த மாணவன் தலைகுனிந்திருந்தான். அவனை யாம் கடிந்திலோம். கடியும் உரிமை எமக்கு இல்லை.

மறுவருடம் ஐப்பசியில் ஒருநாட் காலை, மணியடிக்குமுன் அவனே ஓடோடி வந்தான்.

“சேர், வந்திட்டுது! கிணற்றடி வெளியிலே நிண்டு சிறகடிக்குது!”

கெற்றப்போல் அவன் கையில் இல்லை. இருவரும் வேலியருகே நின்று பார்த்தோம். சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டுமன்று, வெளியிலும் உண்டு என்பதை, நாற்பதைக் கடந்த இவ்வகவையிலும் யாம் மறந்திலோம். ஆசிரியப்பணிக்குச் செல்லும் எம் கல்லூரி இளைஞர்களும் இதனை நினைவிற் கொள்வாராக.