குளிருக்கும் கூலி உண்டு

சென்னை அபிராமபுரத்து மாடிகளில் தொட்டி வைத்துக் காய்கறி வளர்ப்பவர்களுக்குப் பங்குனி வெயில் ஏறினாலே கவலைதான். கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் எப்படியோ தாக்குப்பிடிக்கும். கேரட் விரல் மொத்தத்தைத் தாண்டாது, முட்டைக்கோஸ் இலையாகவே நின்றுவிடும். கொல்லையில் நாலு கோழி வைத்திருந்தால் அதுவும் வாயைத் திறந்து இரைக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, இரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, முட்டை ஓடு மெலிந்துபோகும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி பணி ஓய்வுக்குப் பிறகு இதையெல்லாம் விட்டுவிட்டுக் கோத்தகிரிக்குக் குடிபோனார்கள். அவர்களுடைய தோட்டத்தைப் பார்க்கத்தான் மலையேறினேன். போன வழியில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களா. வெயிலுக்கு அஞ்சி மலையேறுவோரின் மூதாதை அவர்தான். கோவை கலெக்டராக இருந்தவர், 1819-இல் இங்கே வீடு கட்டினார். உருளைக்கிழங்கையும் பிற இங்கிலீஷ் காய்கறிகளையும் இந்த மலையில் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1870-லிருந்து சென்னை மாகாண அரசாங்கமே கோடைதோறும் உதகைக்கு இடம்பெயர்ந்தது.

ஆனால் அந்தத் தம்பதியின் தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்து மண்வெட்டியோடு நின்ற அம்மாள் வேறு வழியாக வந்தவர். பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒரு குழந்தை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பெற்றோருடன் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் மரக்கறி போட்டு, கோழியும் வளர்த்த பழக்கம் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது.

வீட்டுக்காரர்கள் வந்த புதிதில் சென்னையில் செய்தபடியே தொழு உரம் போட்டுக் கோஸ் நட்டார்களாம். வேர் முண்டும் முடிச்சுமாக வீங்கி, செடி வாடிவிட்டது. "மண்ணு புளிச்சுக் கெடக்குங்க. மொதல்ல டோலமைட்டு வீசணும்னு அன்னைக்கே வீட்டம்மாகிட்ட சொன்னேன்" என்றார் அந்த அம்மாள். மழை அரித்து அரித்துச் சுண்ணாம்புச் சத்து போன மலை மண் அமிலமாகத்தான் இருக்கும். அதைத் தணிக்காமல் எந்த உரம் போட்டாலும் பாதி வீண்.

சரிவுக்குக் குறுக்கே மேட்டுப்பாத்தி, ஒவ்வொரு பாத்திக்கும் நீர் வடிய வாய்க்கால். சென்னையில் தண்ணீரை எப்படித் தேக்குவது என்பது கவலை. இங்கே எப்படி வெளியேற்றுவது என்பது. கேரட் விதையை மணலோடு கலந்து நேரடியாகத் தூவுகிறார். செடி நாலு விரல் உயரம் வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெருக்கமானவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கலைக்கிறார். அந்த வேலைக்கு இயந்திரம் கிடையாது. காலைப் பனியில் விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி குனிகிறார். உருளைக்குக் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று பட்டம். மூடுபனி நாலு நாள் விலகாமல் நின்றால் இலையைக் கருகல் பிடித்துவிடும் என்பதால், தினமும் கீழ் இலைகளைப் புரட்டிப் பார்க்கிறார்.

கோழி விஷயத்தில்தான் வேடிக்கை. அபிராமபுரத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கியது நந்தனம் கோழி. அதை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் இப்போது மாதவரத்தில் இருக்கிறது. ஊர்ப் பாசத்தில் ஒருநாள் குஞ்சுகளாக வாங்கி வந்தார்கள். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். எந்த வெயிலுக்குத் தப்பி வந்தார்களோ, அதை ஒரு பெட்டிக்குள் பல்பு போட்டு உண்டாக்க வேண்டியதாயிற்று. ஐப்பசி மழையில் இரவெல்லாம் மின்சாரம் இல்லை. விடிந்தபோது பாதிக் குஞ்சுகள் ஒரு மூலையில் நெருங்கி, நசுங்கிக் கிடந்தன.

"பெட்டையை விட நல்ல பல்பு உண்டுங்களா?" என்று கேட்டு, அந்த அம்மாள் தன் வீட்டு அடைக்கோழி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். வளர்ந்த கோழிக்குக் குளிர் பெரிய பொருட்டல்ல, ஈரம்தான் எமன். தரையில் கூளம் நனைந்தால் ரத்தக்கழிச்சல் வரும். அதனால் உமியைத் தினமும் கிளறிக் காயவிடுகிறார். எச்சத்தோடு மக்கிய அந்தக் கூளம்தான் அடுத்த பட்டத்துக்கு உரம். கூண்டுக்கு இரட்டைக் கம்பிவலை. கீரிக்கு ஒன்று, சிறுத்தைக்கு ஒன்று என்று சிரிக்கிறார்.

வரவு செலவைக் கேட்டேன். தீவனமும் கூலியும் போனால் மிச்சம் ஒன்றுமில்லை என்றார் வீட்டுக்காரர்; நல்ல காற்றுக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொண்டாராம். அந்த அம்மாளுக்கு அந்தக் காற்று பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அதை வைத்து அரிசி வாங்க முடியாது. பாத்தி வேலைக்கு நாள் கூலி வாங்கிக்கொள்பவர், கோழிகளை மட்டும் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, கேட்டு வாங்கியிருக்கிறார். பொரிக்கும் குஞ்சில் பாதி அவருக்கு. ஆடு, கோழி, மாட்டில் காலங்காலமாக உள்ள ஏற்பாடுதான். அபிராமபுரத்துக்காரர்களுக்கு அது புதிதாக இருந்தது.

நான் போயிருந்தபோது ஓர் ஈடு பொரித்திருந்தது. பதினொரு குஞ்சு. ஐந்து வீட்டுக்கு, ஆறு அந்த அம்மாளுக்கு. ஒற்றைக் குஞ்சு யாருக்கு என்று பேச்சே எழவில்லை. மழை இரவில் கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டத் தன் லயத்து வீட்டிலிருந்து நடந்து வந்தவர் அவர்தானே.