நேரலையில் ஒரு பாஸ்புக்

நாக்பூரிலிருந்து ஞாயித்துக்கிழமைதோறும் தமிழில் ஒரு பாட்காஸ்ட் செய்றேன்னு இங்கே வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும். டெபாசிட், நாமினி, லாக்கர்னு நம்ம தொழில் விஷயம்தான். போன வாரம் ஐம்பதாவது பகுதி. "கேக்கறவங்க நேரடியா போன்ல பேசட்டுமே"ன்னு வீட்டம்மா ஐடியா கொடுத்தாங்க. யூட்யூபில் நேரலை, மைக் பக்கத்துல ஸ்பீக்கரில் ஒரு போன். அவ்வளவுதான் ஸ்டுடியோ :-)

முன்கூட்டியே பதிவு பண்ணினா உளறலை வெட்டிடலாம். நேரலையில் அது நடக்காது. ரேடியோக்காரங்க இதுக்குன்னே சில விநாடி தாமதிச்சு ஒலிபரப்புவாங்க. நான் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

இருபது நிமிஷம் ஒருத்தரும் கூப்பிடலை. அப்புறம் பிலாயிலிருந்து ஒரு அம்மா. உருக்காலையில் வேலை பார்த்த கணவர் இறந்து ஆறு மாசமாச்சாம். பெட்டியைக் குடைஞ்சப்போ, கல்யாணத்துக்கு முன்னாடி அவர் கும்பகோணத்தில் ஆரம்பிச்ச கணக்கோட பாஸ்புக் கிடைச்சுதாம்.

கவுண்டர்ல உக்காந்த பழக்கம், கடகடன்னு ஆரம்பிச்சேன். பத்து வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கோட பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிடும். ஆனா உரிமை போகாது. 2023ல் வந்த 'உத்கம்' தளத்தில் பேர் போட்டுத் தேடலாம். அப்புறம் வாரிசு அந்த வங்கியிலேயே விண்ணப்பிச்சு வாங்கிக்கலாம்.

"நம்பர் சொல்றேன் தம்பி, பாத்துச் சொல்லுங்க." கணவர் பேரைச் சொல்லி, கணக்கு எண்ணைப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"அம்மா, நிறுத்துங்க!"ன்னு கத்திட்டேன்.

அமைதி. லைன் கட்.

இறந்தவர் பேர், கணக்கு எண், தனியா இருக்கிற மனைவி. ஏமாத்துறவனுக்கு இது போதும். அந்தப் பதற்றத்துல காரணத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. நிகழ்ச்சியை முடிச்சு, பதிவை எடுத்துட்டு, அவங்களுக்கே போன் போட்டேன்.

"திட்டிட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி."

மன்னிப்புக் கேட்டு விளக்கினேன். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னாங்க: "பணம் பெரிசா இருக்காது. மொத சம்பளத்துல போட்ட கணக்குன்னு சொல்லிட்டே இருப்பார். அதை யார்கிட்டயாவது தமிழ்ல சொல்லணும்போல இருந்துச்சு. பேரன் பேத்திக்கெல்லாம் இந்திதான்."

நாற்பது நிமிஷம் பேசினாங்க. நான் 'ம்' மட்டும்தான் கொட்டினேன். அவங்க சொல்ல வந்ததை முடிக்கறதுக்குள்ள நான் பதிலை முடிச்சிருந்தேன்னு அப்பத்தான் உறைச்சுது.

அடுத்த மாசம் திரும்ப நேரலை உண்டு. போனை முதல்ல வீட்டம்மா எடுத்து, "நம்பர் எதுவும் படிக்காதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் என்கிட்ட கொடுப்பாங்க. நானும் கொஞ்சம் வாயை மூடிக் கேக்கறதா உத்தேசம்.

உங்க வீட்டுப் பெட்டியிலும் பழைய பாஸ்புக் இருக்கான்னு பாருங்களேன்.